மூன்று விசில்

டிவியில் நான் வருவதற்கு முன்பே எல்லோரும் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். அக்காவின் கணவரான மாமா ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இப்ப வரும் பாரு, இப்ப வரும் பாரு" என்று சோபாவின் நுனிக்கு வந்திருந்தார். பல் டாக்டர் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தயாராக இருந்தார். வாத்தியார் மட்டும் வறுத்த கடலையின் தோலை ஊதி ஊதித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டிருந்தார். நான் கதவுக்குப் பக்கத்தில், கையுறைகள் காயும் கொடிக்குக் கீழே, ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அக்கா சமையலறை வாசலில் கையைத் துடைத்தபடி நின்றாள்.

மாமாவின் ஹெல்மெட்டில் மாட்டியிருந்த கேமரா எடுத்த படம் அது. அதனால் மாமா பார்த்ததைத்தான் நாங்களும் பார்க்க முடியும். பனி உருகி ஆறு நிறைந்து ஓடுகிறது. கரையோர மரங்கள் இன்னும் துளிர்க்கவில்லை, கிளைகளின் நுனி மட்டும் லேசாகச் சிவந்திருக்கிறது. நிழல் விழும் இடங்களில் அழுக்கான பனித்திட்டுகள். மாமாவின் துடுப்பு இடமும் வலமும் தண்ணீரை வெட்டுகிறது. படகின் மஞ்சள் மூக்கு முன்னே போய்க்கொண்டே இருக்கிறது. அப்போது எங்கோ பின்னாலிருந்து விசில் கேட்கிறது. மூன்று முறை. மாமாவின் குரல் சொல்கிறது, "கேட்டியா, அதுக்குள்ள டீ கேக்குது." பக்கத்துப் படகிலிருந்து பல் டாக்டரின் சிரிப்பு. மறுபடியும் மூன்று விசில். இந்த முறை அவை ஒழுங்காக இல்லை. ஒன்று நீளம், ஒன்று பாதியில் அறுந்தது, ஒன்று வெறும் காற்று. "வர்றோம் தாயே, வர்றோம். வளைவு தாண்டட்டும்" என்கிறார் மாமா. படகின் மூக்கு முன்னே போகிறது. அவ்வளவு நேரத்திலும் கேமரா ஒரு தடவை கூடத் திரும்பவில்லை.

பிறகு மணல் திட்டு. ஃப்ளாஸ்க். பிஸ்கட் பாக்கெட்டைப் பல்லால் கிழிக்கும் வாத்தியார். அப்புறம் நாணல்களை விலக்கிக்கொண்டு நான். ஒரு காலில் செருப்பு இல்லை. முடி முகத்தோடு ஒட்டியிருக்கிறது. இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து தள்ளி, யாரோ கழற்றி மாட்டியவை போல வைத்திருக்கிறேன். மாமாவின் குரல் கேட்கிறது, "என்ன, குளிச்சிட்டு வர்ற?"

ஹால் அதிர்ந்தது. மாமா படத்தை அந்த இடத்தில் நிறுத்தினார். என் முகம் திரை முழுக்க நின்றது. உதடு நீலமாக இருந்தது. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

"இந்த மூஞ்சிய ஃப்ரேம் போட்டு இதே சுவத்துல மாட்டணும்" என்றார் மாமா.

"போடா, பாவம்டா அவ" என்று சொல்லிக்கொண்டே பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமாவோடு கல்லூரியில் படித்தவர் அவர், மாமாவை 'டா' போட்டுப் பேசும் ஒரே பெண். "ஆனா அந்த நடை இருக்கே. பென்குயின் தோத்துது."

அக்காவும் சிரித்தாள். அவள் முதலில் மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சிரிப்பாள். எப்போதும் ஒரு நொடி பிந்தி வரும் அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கம்தான். அன்று அது என் காதில் சூடாக இறங்கியது.

விசிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டையிலும் சின்ன நூலில் ஒரு விசில் தொங்கும். மூன்று முறை ஊதினால் ஆபத்து என்று அர்த்தம். தண்ணீரில் போகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. எங்கள் கூட்டத்தில் மட்டும் மூன்று விசில் என்றால் டீ. சென்ற இலையுதிர் காலத்தில் ஏரியில் ஆளுக்கொரு பக்கம் சிதறிப்போனபோது மாமா செய்த ஏற்பாடு அது. ஒரு விசில் காற்றில் கரைந்துபோகிறது, மூன்று என்றால்தான் தூரத்தில் இருப்பவருக்குக் கேட்கிறது என்றார். "அப்ப ஆபத்துன்னா?" என்று வாத்தியார் கேட்டார். "ஆபத்துன்னா ஊருக்கே கேக்கற மாதிரி கத்த மாட்டோமா வாத்தியாரே? அப்பவும் மரியாதையா விசில் ஊதிட்டா இருப்போம்?" எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அன்று ஏரி வெதுவெதுப்பாக இருந்தது.

இந்த வசந்தத்தின் முதல் பயணத்தில் தண்ணீர் ஐந்து டிகிரி. நான் குடிநீர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். அதே ஆற்றின் தண்ணீர் வாரத்தில் இரண்டு முறை பாட்டிலில் என் மேஜைக்கு வரும். எண் எனக்குத் தெரியும். ஆனால் ஐந்து என்ற எண்ணும் ஐந்து டிகிரித் தண்ணீரும் வேறு வேறு என்பது மூழ்கிய மரக்கிளை ஒன்று என் படகைத் தட்டிக் கவிழ்த்தபோதுதான் தெரிந்தது. தலை மேலே வந்தது, லைஃப் ஜாக்கெட் தன் வேலையைச் செய்தது. நெஞ்சு செய்யவில்லை. மூச்சு உள்ளே மட்டும் போனது. மறுபடி உள்ளே, மறுபடி உள்ளே, யாரோ பின்னாலிருந்து கயிற்றால் இழுப்பது போல. 'மாமா' என்று கூப்பிட வாயைத் திறந்தேன். 'மா' கூட வரவில்லை. அவர்கள் மூவரின் முதுகுகளும் தெரிந்தன. மஞ்சள், சிவப்பு, பச்சை. கத்தினால் கேட்கும் தூரம்தான்.

கொஞ்ச நேரத்தில் மூச்சு துண்டு துண்டாக வெளியே வர ஆரம்பித்தது. அதை வைத்துப் பேச முடியாது, ஊத முடியும். விசிலைப் பல்லால் கவ்வினேன். மூன்று ஊதினேன். சிவப்புப் படகில் ஒரு துடுப்பு உயர்ந்து ஆடியது, 'சரி, சரி' என்பது போல. மறுபடி மூன்று. பிறகு வளைவில் மஞ்சள் மறைந்தது, சிவப்பு மறைந்தது, பச்சை மறைந்தது. கவிழ்ந்த படகின் வாரைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்து எப்படியோ கரைக்கு வந்தேன். வேர்களைப் பிடிக்கும்போது விரல்கள் மடங்கவில்லை, மணிக்கட்டைக் கொக்கி போலப் போட்டு ஏறினேன். எந்த நேரத்தில் செருப்பு போனது என்று தெரியாது.

கரையோரமாக நடந்து மணல் திட்டை அடைந்தபோது வாத்தியார் தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்தார். பல் டாக்டர் பாதி டீ மிச்சம் இருக்கிறது என்றார். என்னால் மூடியைப் பிடிக்க முடியாமல் டீ மணலில் கொட்டியது, அதற்கும் ஒரு சிரிப்பு. காரில் ஹீட்டரை முழுசாகப் போட்டுவிட்டு மாமா மெதுவாகச் சொன்னார், "வீட்ல போய் இதப் பெருசு பண்ணாத. அப்புறம் உங்க அக்கா என்னையும் விட மாட்டா." நான் தலையாட்டினேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர்தான் சொன்னார். வீட்டுக்குள் நுழைந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "உன் தங்கச்சி இன்னைக்கு ஆத்துல குளிச்சா, கேட்டியா?" என்று ஆரம்பித்தார். வாரம் முழுக்க அது வளர்ந்தது. என் செருப்பைத் திருடிய மீன் ஒன்று கதையில் வந்து சேர்ந்தது.

நான் அதிகம் பேசாதவள். மாமா எனக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான். வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை, ஒரு கட்டில், ஜன்னலில் அக்கா வைத்த ஒரு செடி. மாமா கெட்டவர் இல்லை. எனக்கு ஓட்டுநர் உரிமம் வாங்க மூன்று மாதம் தன் காரைக் கொடுத்துக் கற்றுக்கொடுத்தவர். இதையெல்லாம் எனக்கு நானே அந்த வாரம் பலமுறை சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கோபம் குறையாமல் இன்னும் ஒரு படி ஏறி உட்கார்ந்தது.

"நாளைக்கு நம்ம படையில புது ஆள்" என்று மாமா டிவியை அணைத்தார். "மேடம் வர்றாங்க."

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. இரண்டு வசந்தமாக அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அடுத்த தடவை, அடுத்த தடவை என்று அவர் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதே" என்றாள்.

"தெரிய என்ன இருக்கு? இவ இடத்துல நீ வா. கடைசில, நிதானமா. இவ உனக்கு முன்னாடி. நாங்க ரூட்டப் பாத்துக்கறோம்."

நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் அக்கா வந்தாள். ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டை நைட்டிக்கு மேலேயே மாட்டியிருந்தாள். அடுப்பு மேலிருந்த பாத்திரத்தின் பளபளப்பில் தன்னைப் பார்த்துக்கொண்டாள்.

"நல்லா இருக்கா? குண்டாத் தெரியறேனா?"

"அக்கா, நாளைக்குப் போக வேண்டாம்."

"ஏன்?"

"தண்ணி ரொம்பக் குளிருது. விழுந்தா கத்த முடியாது. நான் கத்தலக்கா. முடியல. விசில் ஊதினேன், அவங்க டீன்னு நெனச்சுட்டாங்க."

நான் இவ்வளவு நீளமாகப் பேசியது எனக்கே புதிது. அக்கா வாரைச் சரிசெய்வதை நிறுத்தினாள். பிறகு மறுபடி சரிசெய்தாள்.

"அதான் ஒண்ணும் ஆகலையே. அவர் இருக்காருல்ல."

"அவர் முன்னாடி இருக்கார்."

"ஏண்டி, ஒரு தடவை நான் கேட்டது நடக்குது. அதுவும் உனக்குப் பொறுக்கலையா?" குரல் உயரவில்லை. "எல்லாரும் கிளம்பிப் போவீங்க. நான் ஜன்னல்ல நின்னு கார் போறதப் பாப்பேன். சாயங்காலம் ஈரத்துணிய எடுத்து மெஷின்ல போடுவேன். ஒரு நாள், ஒரே நாள், நானும் ஈரமா வர்றேனே."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. அதனால் கோபம் போக வழியில்லாமல் தொட்டியில் கிடந்த கரண்டிகளின் மேல் போனது. அவ்வளவு சத்தமாக நான் பாத்திரம் கழுவியதே இல்லை.

மறுநாள் காலை வானம் தெளிவாக இருந்தது. படகுத்துறை என்பது ஆற்றுக்குள் நீளும் சில பலகைகள்தான். கரையோரம் தண்ணீர் தேங்கிய இடத்தில் கண்ணாடி போல மெல்லிய பனி ஏடு கட்டியிருந்தது. வாத்தியார் அதைத் துடுப்பு நுனியால் தட்டித் தட்டி உடைத்துக்கொண்டிருந்தார். படகுகள் ஐந்தும் வரிசையாகக் கிடந்தன. அக்கா தன்னுடையதை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள், புது வீட்டுக் கதவைத் தொடுவது போல. பழைய மழைக்கோட்டு ஒன்றை மாமா அவளுக்கு எடுத்து வந்திருந்தார். மாமா மட்டும் கழுத்து முதல் கணுக்கால் வரை மூடும் கறுப்பு ரப்பர் உடையில் இருந்தார். கூட்டத்தில் அது ஒன்றுதான் உண்டு. யாராவது விழுந்தால் இறங்கிக் காப்பாற்ற வேண்டியவன் முன்னால் போகிறவன்தான், அதனால் அது அவனுக்குத்தான் வேண்டும் என்பது அவர் கணக்கு.

"ரூல்ஸ் கேட்டுக்கோ" என்று அக்காவிடம் ஆரம்பித்தார். "ஒண்ணு, பயப்படாத. ரெண்டு, பாறையப் பாத்தா கட்டிப் பிடிக்காத, அது என்ன உன் புருஷனா? மூணு, மூணு விசில்னா டீ."

பல் டாக்டர் சிரித்தார். அக்கா விசிலை எடுத்துப் பார்த்து, சின்னப் பெண் போல உதட்டில் வைத்துக்கொண்டாள்.

"டீக்கு வேற ஏதாவது வைங்க மாமா" என்றேன்.

"என்னது?"

"மூணு விசில் வேண்டாம். அது வேற எதுக்கோ."

"அட, ஊமைக்கோட்டான் மீட்டிங்ல பேசுது. குறிச்சுக்கோங்க வாத்தியாரே." அவர் படகின் முனையைப் பிடித்துத் தண்ணீரை நோக்கித் தள்ளினார். "எத்தனை தடவை சொல்றது? ஆபத்துன்னா கத்து. ஆண்டவன் எல்லாருக்கும் வாயக் கொடுத்திருக்கான். உன்னுது ஸ்டார்ட் ஆகலன்னா அதுக்கு விசில் என்ன பண்ணும்?"

வழக்கமாக இந்த இடத்தில் நான் குனிந்துகொள்வேன். அன்று கழுத்து குனியவில்லை.

"நீங்க இறங்கிக் கத்துங்க."

"ம்?"

"அந்த சூட்டக் கழட்டிட்டு, ஜாக்கெட் மட்டும் போட்டுக்கிட்டு, இங்கயே, இந்தப் பலகை ஓரத்துலயே குதிங்க. தலை வெளிய வந்த உடனே அக்காவைக் கூப்பிடுங்க. ஒரே ஒரு தடவை. கேட்டுச்சுன்னா நான் பேசல. கடைசிப் படகுல அக்கா வரட்டும்."

"பைத்தியமா உனக்கு?"

"டேய், மச்சினி சவால் விடுறாடா" என்றார் பல் டாக்டர். குரலில் கேலி இருந்தது, கண்ணில் வேறு ஏதோ இருந்தது. "குதி. என்ன, பயமா?"

அந்தச் சொல் போதுமாக இருந்தது. மாமா எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். கடைசியாக அக்காவை. பிறகு ஜிப்பை இழுத்தார். ரப்பர் உடை அவர் உடம்பிலிருந்து லேசில் வரவில்லை, வாத்தியார் கணுக்காலைப் பிடித்து உருவ வேண்டியிருந்தது. பனியனும் அரைக்கால் சட்டையுமாக நின்றபோது வயிறும் மெல்லிய கால்களுமாக, ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் பேப்பர் படிக்கும் மனிதராகத் தெரிந்தார். லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, காரிலிருந்த துண்டை அக்காவின் கையில் திணித்தார். "ரெடியா வச்சுக்கோ. காது கிழியப் போகுது, பொத்திக்கோ" என்றார். மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்தார்.

தண்ணீர் எழும்பி எங்கள் கால் வரை வந்தது. தலை உடனே வெளியே வந்தது. வாய் திறந்திருந்தது. நான் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜாக்கெட்டுக்குள் நெஞ்சு ஏறியது, ஏறியது, ஏறியதே தவிர இறங்கவில்லை. கதவிடுக்கில் காற்று நுழைவது போல ஒரு சத்தம், மறுபடி அதே. உதடுகள் ஒரு பெயருக்காகக் குவிந்தன. ஒன்றும் வரவில்லை. கண் எங்களைப் பார்த்தது, ஆனால் எங்களில் யாரையும் பார்க்கவில்லை. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். உள்ளே இருந்து தெரியும். அவர் கை பலகையைத் தேடியது, நுனியைத் தொட்டும் பிடிக்காமல் நழுவியது. பல் டாக்டரின் சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை. வாத்தியார் மண்டியிட்டுத் துடுப்பை நீட்டினார். நானும் பல் டாக்டரும் ஜாக்கெட்டின் தோள்வாரைப் பிடித்து இழுத்தோம். அவர் பலகையில் முழங்காலை ஊன்றி, கொஞ்ச நேரம் நாலு காலில் நின்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. இப்போது அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரும், அது போதும் என்று காத்திருந்தேன். 'ஆமா' என்றால் போதும்.

அவர் எழுந்தார். தாடை ஆடிக்கொண்டிருந்தது. அது அடங்கும் வரை முதுகைக் காட்டி நின்றார். திரும்பியபோது முகத்தில் பழைய சிரிப்பை எடுத்து மாட்டியிருந்தார்.

"எ... எப்படி? கேட்டுச்சா?"

வாத்தியார் நீட்டியிருந்த துடுப்பை இழுத்துப் பலகையில் வைத்தார்.

"கேட்டுச்சா இல்லையா?"

பல் டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "கேட்டுச்சு, கேட்டுச்சு. முதல்ல தொடை."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றி, ஈரமான சட்டையிலேயே துடைத்தார். "லேசா" என்றார்.

"பொய்!"

அது என் குரல்தான். எதிர்க்கரை வரை போய்த் திரும்பி வந்தது. நாணலுக்குள்ளிருந்து இரண்டு வாத்துகள் இறக்கையடித்துக்கொண்டு கிளம்பின. "பொய் சொல்றீங்க! எல்லாரும் பொய் சொல்றீங்க! அவர் கூப்பிடல. அவரால முடியல. என்னாலயும் முடியல. நான் செத்திருப்பேன், நீங்க பிஸ்கட் தின்னுட்டு இருந்தீங்க!"

மாமா வாத்துகள் போன திசையைப் பார்த்துவிட்டு, "பாத்தியா, கத்த முடியுது" என்றார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. அவரும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. அக்காவிடம் திரும்பிக் கையை நீட்டினார்.

"துண்டக் குடு."

அக்கா இவ்வளவு நேரமும் பலகையின் கடைசியில், அவர் குதித்த இடத்துக்கு நேர் மேலே நின்றிருந்தாள். எங்கள் எல்லோரையும்விட அவளே அவர் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தவள். விசில் அவள் உதட்டிலிருந்து நழுவி நூலில் தொங்கியது.

"என்னன்னு கூப்பிட்டீங்க?" என்று கேட்டாள்.

"என்ன?"

"தண்ணில இருந்து. என்னன்னு கூப்பிட்டீங்க?"

"உன் பேரத்தான். வேற என்னன்னு கூப்பிடுவாங்க?"

"எனக்குக் கேக்கலையே."

"காத்து அந்தப் பக்கம் அடிக்குதுல்ல."

நாணல்கள் அசையாமல் நின்றன. அக்கா அவற்றைப் பார்த்தாள். பிறகு அவரை, சிரிப்பதற்கு முன்னால் பார்க்கும் அந்தப் பார்வை இல்லாமல், பார்த்தாள்.

"குளிருதுடி. குடு."

அவள் துண்டை ஆரஞ்சு ஜாக்கெட்டோடு சேர்த்து அணைத்துப் பிடித்திருந்தாள். மாமாவின் கை நீட்டியபடியே இருந்தது. விரல்கள் வெளுத்துப்போய், மடங்காமல், ஒவ்வொரு நுனியிலிருந்தும் தண்ணீர் சொட்டி, பலகை இடுக்கு வழியாக ஆற்றில் விழுந்துகொண்டிருந்தது.